தமிழ்99 விசைப்பலகை: தக்கலையிலிருந்து ஒரு நீண்ட காலப் பயனரின் மதிப்புரை

என் மடிக்கணினியில் எச், கே, எஃப் ஆகிய மூன்று விசைகளின் மேல் இருந்த எழுத்துகள் முழுவதும் தேய்ந்து போய்விட்டன. தமிழ்99 முறையில் அவை முறையே க, ம, புள்ளி ஆகியவற்றின் இடங்கள். 2011 ஜூன் மாதம் முதல் இந்த முறையில்தான் எழுதி வருகிறேன். இதற்கிடையில் மூன்று கணினிகள் மாறின. திருமண ஆல்பம் வடிவமைப்பு, இணையச் செய்தி, சப்டைட்டில், மென்பொருள்களைத் தமிழாக்கும் பணி என்று வேலையும் மாறிக்கொண்டே வந்தது. குமரி மாவட்டத்துத் தக்கலையில் என் சித்தி இன்றும், "உனக்கு என்ன வேலை என்று கேட்கிறவர்களுக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்பார். தமிழில் தட்டச்சு செய்கிறேன் என்று சொல்லுங்கள் என்பேன். அது உண்மையும்கூட. ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்குப் போகும்போதெல்லாம் நான் கையோடு எடுத்துச் சென்றது இது ஒன்றைத்தான்.

ஆகவே ஒரு கைப்பேசிக்கோ மிக்சிக்கோ எழுதுவதுபோல இதற்கும் ஒரு மதிப்புரை எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். காசு கொடுத்து வாங்கும் பொருள் இல்லை இது. ஆனாலும் விலை உண்டு. சுமார் மூன்று வாரம் பொறுமையாக உட்கார வேண்டும்.

முதலில் நான் எங்கிருந்து வந்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2004-இல் மார்த்தாண்டத்தில் ஓர் ஆஃப்செட் அச்சகத்தில் டி.டி.பி., அதாவது கணினியில் பக்கம் வடிவமைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அதற்கு முன்பே தட்டச்சுப் பயிற்சி நிலையத்தில் பழைய இயந்திரத்தில், அதன் நடு வரிசை எழுத்துகளான 'யளனகப' என்று விரல் நோக அடித்துப் பழகியிருந்தேன். அச்சகத்தில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள். கோயில் கொடை நோட்டீஸ், ஆலயத் திருவிழா அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஆகியவைதான் அன்றாட வேலை. டிசம்பர் 3-ஆம் தேதி கோட்டாறு சவேரியார் திருவிழா நிறைவு என்றால் நவம்பர் முழுவதும் எங்களுக்கு உறக்கம் குறைவு. மாசியில் மண்டைக்காட்டுக் கொடை வந்துவிட்டால் மறுபடியும் அதே கதை.

அந்தக் காலத்தில் ஓர் அச்சகத்தின் கோப்பு இன்னோர் அச்சகத்தில் திறக்காது. திறந்தாலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்துரு வைத்திருந்தார்கள். எந்த எழுத்து எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பதை அந்த எழுத்துருவைச் செய்தவரே முடிவு செய்திருப்பார். நாகர்கோவிலிலிருந்து வட்டில் வந்த நோட்டீசை மார்த்தாண்டத்தில் நான் முதல் வரியிலிருந்து மீண்டும் அடித்த இரவுகள் பல உண்டு. முதலாளி அண்ணன் பக்கத்தில் நின்று, "மக்களே, விடியும் முன்னே பிளேட் போக வேண்டும்" என்பார். எத்தனை பேருடைய உழைப்பு இப்படி இரட்டிப்பாக வீணானது என்று இப்போது நினைத்தாலும் மனம் கனக்கிறது.

2009-இல் நாகர்கோவிலில் ஒரு ஸ்டுடியோவுக்கு ஆல்பம் வடிவமைக்கப் போனேன். அங்கே எழுத்து வேலை குறைவு, படவேலைதான் அதிகம். இரண்டு ஆண்டில் 'யளனகப' என் விரல்களிலிருந்து பாதி மறந்துபோயிற்று. அப்போதுதான் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு எங்கள் பக்கமும் வரத் தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. கல்லூரியில் பாடம் நடத்தும் ஓர் அக்கா, தம் திருமண ஆல்பத்துக்கு வரிகளைத் தாமே யூனிகோடில் எழுதிக் கொண்டுவந்தார். எந்த முறையில் எழுதினீர்கள் என்று கேட்டேன். தமிழ் விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதுவதற்காகத் தமிழ்99 கற்றதாகச் சொல்லி, ஒரு தாளில் விசைப்பலகைப் படத்தை வரைந்து கொடுத்தார். அந்தத் தாளை இன்றும் வைத்திருக்கிறேன்.

இப்போது பொருளுக்கு வருகிறேன்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி உருவாகி, தமிழ்நாட்டு அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை இது. பெயரில் உள்ள 99 அந்த ஆண்டுதான். அதே மாநாட்டில் பேசப்பட்ட டாம், டாப் என்ற எழுத்துக் குறியீடுகளை யூனிகோடு வந்து ஓரங்கட்டிவிட்டது. விசைப்பலகை மட்டும் நிலைத்தது. குறியீடு எது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. தமிழ் எழுத்துகள் எப்படிக் கூடுகின்றன என்பதைத்தான் அது பார்க்கிறது.

12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அவ்வளவுதான் நீங்கள் கற்க வேண்டியது. 216 உயிர்மெய்களும் தாமாகக் கூடிக்கொள்ளும். உயிர் எழுத்துகள் அனைத்தும் இடக்கைப் பக்கம். நடு வரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. மேல் வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. கீழே ஔ, ஓ, ஒ. நடு வரிசைக் குறிலுக்கு நேர் மேலே அதன் நெடில் இருக்கிறது என்பதைக் கண்ட அன்று, இதைச் செய்தவர்களை நினைத்து எனக்குப் பெரிய மரியாதை வந்தது. மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. நடு வரிசையில் க, ப, ம, த, ந, ய என்று ஆறும் விரலுக்கு அடியிலேயே இருக்கின்றன. வ, ங இரண்டு மட்டும் இடக்கைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். வலக்கை மெய்யைத் தட்ட, இடக்கை உயிரைத் தட்ட, இரண்டு கையும் மாறி மாறி ஓடும். இரவு முழுவதும் எழுதியும் மணிக்கட்டு வலிக்காததற்கு இதுதான் காரணம் என்று நம்புகிறேன். பழைய முறையில் எனக்கு அந்த வலி இருந்தது.

அடுத்தது புள்ளி. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அப்படியே: ங-வும் க-வும் தட்டினால் 'ங்க', ன-வும் ற-வும் தட்டினால் 'ன்ற'. ஆகவே 'நன்றி' என்ற சொல்லுக்கு ந, ன, ற, இ என்று நான்கே தட்டு. 'வணக்கம்' ஆறு. ஆங்கில எழுத்துகளை ஒலிக்கேற்பத் தட்டும் ஒலிபெயர்ப்பு முறையில் அடித்தால் அதற்கே எட்டு எழுத்து வேண்டும், ண-வுக்காக ஒரு ஷிப்ட் தனி. நம் மொழியில் எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற பள்ளிக்கூட இலக்கணத்தை, விரலுக்கு உதவியாக மாற்றியிருக்கிறார்கள். 'கொ' எழுத பழைய தட்டச்சில் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. அதுவும் கொம்பை முதலில் போட வேண்டும். இங்கே க, ஒ. வாயில் சொல்லும் வரிசையே விரலுக்கும்.

ஒலிபெயர்ப்பு முறையைப் பயன்படுத்துகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. முதல் நாளே எழுதத் தொடங்கிவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ல, ள, ழ மூன்றுக்கும் ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்து இல்லாததால் அவசரத்தில் பிழை வருகிறது. தமிழ்99-இல் மூன்றுக்கும் மூன்று தனி விசை. ர-வும் ற-வும் அப்படியே. பேச்சில் ழகரத்தை விட்டுக்கொடுக்காத எங்கள் ஊர்க்காரர்கள் எழுத்தில் மட்டும் அதை விட்டுவிடலாமா?

முதல் வாரம் மிகவும் கடினம், மறைக்கவில்லை. நிமிடத்துக்கு ஆறு ஏழு சொல்தான் வந்தது. இரண்டாம் வாரம் பழைய 'யளனகப' இடையில் புகுந்து குழப்பியது. ஜூன் மழையில் மாலைதோறும் மின்சாரம் போகும். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அணைந்த விசைப்பலகையின் மேல் விரலை வைத்து வாயால் சொல்லிக்கொண்டே தட்டிப் பழகினேன். அதுவே நல்ல பயிற்சியாக அமைந்தது, ஏனென்றால் திரையைப் பார்த்துத் திருத்தும் ஆசைக்கு அங்கே இடமில்லை. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், நான் எழுத்துகளை நினைக்காமல் சொற்களை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன்.

அந்தக் கை கொடுத்த முதல் வேலை 2013-இல் வந்தது. மாவட்டச் செய்திகளை இணையத்தில் வெளியிடும் ஒரு சிறு தளத்தில் சேர்ந்தேன். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் கடற்கரையை ஒட்டிக் கடந்து போன நாளில் அங்கேதான் இருந்தேன். மின்கம்பங்கள் சாய்ந்து, ரப்பரும் வாழையும் முறிந்து கிடந்தன. பல நாள் மின்சாரம் இல்லை. தூத்தூர்ப் பகுதி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போனவர்கள் திரும்பவில்லை. ஊர் ஊராகக் கையால் எழுதிய பெயர்ப் பட்டியல்களைப் படம் எடுத்து அனுப்பினார்கள். ஜெனரேட்டர் இருந்த ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்து நாங்கள் நான்கு பேர் அவற்றைத் தட்டச்சு செய்தோம்.

தமிழ்99-இன் மிகப் பெரிய குறையை நான் அறிந்தது அந்த நாட்களில்தான். எங்கள் கடற்கரைப் பெயர்களில் ஜ, ஸ், ஷ, ஃப் இல்லாத பெயர் குறைவு. இவை அனைத்தும் ஷிப்ட் விசையோடுதான் வரும்: மேல் வரிசையில் ஸ, ஷ, ஜ, ஹ, புள்ளி விசையோடு ஷிப்ட் சேர்த்தால் ஆய்தம். பொதுவான தமிழுக்கு அது சரியான முடிவே. ஆனால் நூற்றுக்கணக்கான பெயர்களை விடிய விடிய அடிக்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் வலக்கைச் சுண்டுவிரல் ஷிப்டை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொன்று, 'தத்தளித்தனர்' என்ற சொல். அந்த வாரம் எத்தனை முறை எழுதினோமோ தெரியாது. ஒரே மெய் இரட்டித்தால் புள்ளி விழும் என்ற விதியால், முதல் இரண்டு த-வும் சேர்ந்து 'த்த' ஆகிவிடும். இடையில் அ விசையைத் தட்டி அதைத் தடுக்க வேண்டும். பப்பாளி, மமதை, வவ்வால் எல்லாவற்றுக்கும் இதுவே வழி. பழகினால் தானாக வரும், ஆனால் புதிதாகக் கற்பவர் இங்கே தடுக்கி விழுவார்.

அதே திண்ணையில் இதன் பெரிய பலத்தையும் கண்டேன். உறவினர்கள் ஒரு பெயரைத் தேடினால் அது கிடைக்க வேண்டும். ஓர் அம்மா தம் மகனுடைய பெயர் பட்டியலில் இல்லை என்று அழைத்துச் சொன்னார். என் கண் முன்னே பெயர் இருக்கிறது; தேடினால் வரவில்லை. பிறகுதான் புரிந்தது. யூனிகோடில் 'ஜோ' என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பழைய தட்டச்சு முறையில் அடித்த நண்பரின் பட்டியலில் இரண்டு குறிகள் இருந்தன. எங்கள் தளத்தின் தேடல் அவற்றை வேறு வேறு எழுத்தாகப் பார்த்தது. தமிழ்99-இல் ஓ என்பது ஒரே விசை, அதனால் ஒரே குறி. ஔகாரத்துக்கும் தனி விசை உண்டு. எனவே ள-வை ஔகாரக் குறியாக நினைத்து எழுதும் பிழையும் நேராது. அன்றிரவே பட்டியல் முழுவதையும் ஒரே முறைக்கு மாற்றினோம். ஒரு விசைப்பலகையைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு நான் எழுதுவதற்கு அந்த அம்மாவின் குரல்தான் காரணம்.

எழுத்துக்குள்ளே என்ன இருக்கிறது என்று தேடிப் படிக்கத் தொடங்கியது அதன் பிறகுதான். 2018-இல் சப்டைட்டில் வேலைக்குப் போனபோது அந்தப் படிப்பு உதவியது. திரையில் இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, வரிக்கு இத்தனை எழுத்து என்று கணக்கு உண்டு. ஆனால் மென்பொருள் எண்ணுவது நாம் எண்ணும் எழுத்தை அல்ல. 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து. 'ஸ்ரீ' ஓர் எழுத்துபோல் தெரிந்தாலும் கணினிக்கு நான்கு. வரி நீளம் என்று என் மொழிபெயர்ப்பைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு இதை விளக்கி எழுதினேன். அந்த விளக்கத்தைப் படித்த ஒருவர்தான் 2020-இல் மென்பொருள் தமிழாக்கப் பணிக்கு என் பெயரைச் சொன்னார். நேர்காணலில் அவர்கள் கேட்ட முதல் கேள்வியும் அதே: ஒரு பொத்தானில் ஐந்து குறிதான் இடம் என்றால் 'நண்பர்கள்' என்ன ஆகும்? 'நண்பர' என்று புள்ளி இழந்து நிற்கும் என்றேன். புள்ளிக்குத் தனி விசை இருக்கும் பலகையில் ஒன்பது ஆண்டு எழுதியவளுக்கு, புள்ளி தனிக் குறி என்பது விரலிலேயே இருந்தது.

இப்போது வீட்டிலிருந்தே வேலை. காலையில் தமிழாக்கம், மாலையில் மின்னூல் மெய்ப்பு, இடையிடையே குழந்தைகளுக்கான படக்கதைகளுக்கு உரை எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் இதே பலகைதான்.

எந்த மென்பொருள் என்று பலர் கேட்பார்கள். விண்டோஸில் நான் தொடங்கியது என்.எச்.எம். ரைட்டரில். இலவசம், சிறியது, ஆல்ட் விசையோடு ஓர் எண்ணைத் தட்டினால் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறிக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் கன்வெர்ட்டரைக் கொண்டு அச்சகக் காலத்துக் கோப்புகள் பலவற்றை யூனிகோடுக்கு மாற்றி மீட்டெடுத்தேன்; பழைய பேஜ்மேக்கர்க் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது ஒரு வரம். மேக் கணினியில் தமிழ்99 உள்ளேயே இருக்கிறது, முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய மலேசியாவின் முத்து நெடுமாறன் கைவண்ணம். லினக்ஸில் எம்17என் என்ற பன்மொழித் தட்டச்சுத் தொகுப்போடு வருகிறது. விக்கிப்பீடியாவிலோ எதையும் நிறுவாமலே எழுதும் பெட்டியில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுக்கலாம். முதலில் சோதித்துப் பார்க்க நினைப்பவர்களுக்கு அதுவே நல்ல இடம்.

மீதிக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் கணினியில் உட்கார்ந்தால் கை கட்டியதுபோல் ஆகிவிடும்; பெரும்பாலும் அங்கே இது நிறுவப்பட்டிருக்காது, நிறுவ அனுமதியும் இருக்காது. தமிழில் இருப்பதை மறந்து கடவுச்சொல்லை அடித்துத் தவறுவது வாரத்துக்கு ஒரு முறையாவது நடக்கும். கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலுக்கு இந்த அமைப்பின் பயன் பாதிதான். இரண்டு கை மாறி ஓடும் சுகம் அங்கே இல்லை. குரல்வழித் தட்டச்சையும் முயன்றேன். வாசிப்பதுபோல் பேசினால் ஓரளவு எழுதுகிறது. எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசினால் திருத்தவே அதிக நேரம் ஆகிறது. ஜ, ஸ, ஷ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு ஷிப்ட் தேவை என்பதை முன்பே சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் பெயர்ப் பட்டியல் வேலை செய்பவருக்கு அது சிறு குறை இல்லை.

ஆங்கில ஒலிபெயர்ப்பில் ஏற்கெனவே நிமிடத்துக்கு நாற்பது சொல் வேகம் உள்ளவர்கள், வேலை நெருக்கடியில் இருக்கும் மாதத்தில் இதற்கு மாற வேண்டாம். மூன்று வாரம் வேகம் விழும், அதைத் தாங்கும் காலம் பார்த்துத் தொடங்குங்கள். தமிழ் எழுதிப் பிழைக்கப் போகிற இளையவர்களுக்கு, எந்த வேலை என்று இன்னும் தெரியாதவர்களுக்கும்கூட, தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன்.

விசைகளின் மேல் எழுத்துத் துண்டுகளை ஒட்ட வேண்டாம். ஒட்டினால் கண் கீழேயே போகும். பசையும் விரலில் பிடிக்கும். படத்தை அச்சிட்டுத் திரைக்குக் கீழே ஒட்டி, பதினைந்தாம் நாள் கிழித்துவிடுங்கள். முதல் நாள் இடக்கையின் அ, இ, உ, புள்ளி, எ மட்டும். மறுநாள் வலக்கையின் க, ப, ம, த, ந, ய. பக்கம், மதியம், இதயம் என்று அடித்துப் பாருங்கள். இரண்டாம் நாள் மாலைக்குள், நடு வரிசையை விட்டு ஒரு விரலும் நகராமல் 'புத்தகம்' என்று எழுதிவிடலாம்.